இரண்டாவது ட்ரம்பெட்காரரின் உதடு

அக்டோபர் 1

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்துகொள். கெட்ட செய்தி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசி வரியிலிருந்து படிக்க ஆரம்பிப்பாய்.

ஏரிக்கரைப் பூங்காவில் கட்டியிருக்கும் புது மேடையை இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை திறக்கிறார்கள். எங்கள் பேண்டுதான் வாசிக்கப் போகிறது. தொடக்கத்தில் பேண்ட் முழுவதும் சும்மா நிற்க, ஒரே ஒரு ட்ரம்பெட் மட்டும் தனியாக ஊத வேண்டும். அந்த ட்ரம்பெட் என்னுடையது.

மேலே உள்ள வரியை எழுதுவதற்கு முன் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

நடந்தது இதுதான். முதல் ட்ரம்பெட்காரர் மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். நான் இத்தனை வருஷமாக அவருக்கு அடுத்த நாற்காலியில் இரண்டாவது ட்ரம்பெட்காரனாக உட்கார்ந்திருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அவர் ஊதுவதற்கு அடியில் மெல்ல ஊதுவது என் வேலை. அந்த வேலை எனக்குப் பிடித்தும் இருந்தது. நேற்று தீயணைப்பு நிலையக் கொட்டகையில் ஒத்திகை. எங்கள் பேண்டை நடத்தும் மாஸ்டரம்மா, அதுதான் அந்தக் கணக்கு டீச்சர், கையிலிருந்த குச்சியை என் பக்கம் நீட்டினார். எனக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் போல என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் தண்ணீர் வண்டிதான் நின்றது.

"வண்டி ஊதாது சார். நீங்கதான் ஊதணும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். டியூபா என்கிற அந்தப் பெரிய குழலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊதும் பேக்கரிக்காரர் என் முதுகில் ஓர் அறை கொடுத்தார். மனுஷன் மாவு பிசைகிற கை. இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.

நீ வருவாயா? வர முடியாவிட்டால் நான் தவறாக நினைக்க மாட்டேன். ஆனால் வருவாயா?

உன் தம்பி

*

அக்டோபர் 4

டேய் ஆமை,

உட்கார்ந்துதான் படிக்க ஆரம்பித்தேன். அந்த வரி வந்ததும் எழுந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "என் தம்பி தனியா ஊதப் போறான்!" என்று கத்தினேன். அவள், "என்னத்தை ஊதப் போறார், அடுப்பையா?" என்றாள். அவளோடு நேற்றிலிருந்து பேசவில்லை.

வருவாயா என்று ஒரு கேள்வியா? முன் வரிசையில், நடு நாற்காலியில் உட்காருவேன். அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்களை எழுப்பிவிட்டு உட்காருவேன். இந்தப் பாழாய்ப்போன காதுக் கருவி போனை எடுத்தாலே கீச்சிடுகிறது, அதனால்தான் நாம் இன்னும் தபால்காரருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் உன் ட்ரம்பெட்டுக்குக் கருவியே வேண்டாம் என்று நினைக்கிறேன். பார்க்கலாம்.

இப்போது ஒழுங்காகக் கேள். ஃப்ளூ சீசன் தொடங்கிவிட்டது. உன் வயதில் அந்தக் காய்ச்சல் வந்தால் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாதக் கடைசியில் நீ ஊத வேண்டியது ட்ரம்பெட்டை, ஆவி பிடிக்கும் சட்டியை அல்ல. நாளைக்கே போய் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள். நாளை மறுநாள் என்றால் அது உன் வழக்கப்படி அடுத்த மாதம். முப்பது வருஷம் வார்டில் நர்ஸாக நின்றவள் சொல்கிறேன், யோசிக்காதே.

அக்கா

*

அக்டோபர் 6

அன்புள்ள அக்கா,

நாளை காலை ஊசி. கிளினிக்கில் நேரம் வாங்கிவிட்டேன். எந்தக் கையில் போட்டுக்கொள்வது என்று கொஞ்சம் யோசித்தேன். ட்ரம்பெட்டின் விசைகளை அழுத்துவது வலது கை, அதனால் இடது கை என்று முடிவு செய்தேன். நீ போட்டுக்கொண்டாயா? சும்மா கேட்கிறேன்.

மத்தியானம் மொட்டை மாடியில் நின்றுதான் பழகுகிறேன். கீழ்வீட்டுப் பையனுக்கு இரவு வேலை, காலையில் தூங்குகிறான். மாடியில் நிழல் இல்லை, ஆனால் சத்தம் அழகாகப் போகிறது. எதிர்த்தெரு துணி தேய்க்கிறவர் நேற்று பெட்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தூக்கமே வருவதில்லை, அக்கா. உதடு முழுவதும் இன்று காலையிலிருந்து குறுகுறுவென்று ஊறுகிறது. ஊதச் சொல்லி ஆசைப்படுகிறது என்று உன் தம்பி மனைவியிடம் சொன்னேன். "உதட்டுக்குக்கூட ஆசை வருமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

உன் தம்பி

*

அக்டோபர் 10

அக்கா,

குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், நீயே முடிவு செய்.

வெள்ளிக்கிழமை ஊசி போட்டுக்கொண்டேன். சனிக்கிழமை கை கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடியைப் பார்த்தால், மேலுதட்டின் நடுவில் சரியாக ட்ரம்பெட்டின் வாய் பொருந்துகிற இடத்தில், கொத்தாகக் கொப்புளங்கள். தொட்டால் நெருப்பு. ட்ரம்பெட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஊசிக்கு முன்னால் இல்லை. ஊசிக்குப் பின்னால் இருக்கிறது. வேறு எதையும் நான் புதிதாகச் செய்யவில்லை.

நேற்று மாலை கொட்டகைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும், "என்ன சார், யார்கிட்ட வாங்குனீங்க?" என்றார் டிரம் அடிக்கிற தீயணைப்பு வீரர். நான் ஊசி என்று சொன்னேன். அக்கா, நான் ஒரே ஒரு சொல்தான் சொன்னேன். அதற்குப் பிறகு நான் பேசவே தேவைப்படவில்லை.

வருகிற சனிக்கிழமை பேண்டுக்காரர்கள் எல்லாருக்கும் கொட்டகையிலேயே ஊசி போட மாஸ்டரம்மா ஒரு நர்ஸை ஏற்பாடு செய்திருந்தார். பேக்கரிக்காரர்தான் முதலில் பின்வாங்கினார். "நாங்க உதட்டாலதான் ஊதுறோம், முழங்கையாலயா? எனக்கு வேண்டாம்மா" என்றார். அவருக்கு ஏற்கெனவே மூச்சு இழுப்பு உண்டு. அவரைத் தொடர்ந்து எல்லாரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மாஸ்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஏற்பாடு ரத்தாகிவிட்டது.

திரும்பி வரும்போது தனி வாசிப்புக்கான இசைத் தாளை மாஸ்டரம்மாவின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இந்த உதட்டோடு என்னால் முடியாது. நீ பயணத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு.

நீ நல்லதுக்குத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் நீ சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தம்பி

*

அக்டோபர் 13

ஆமை,

வாயைத் திறக்காமலேயே ஒரு பேண்டை முழுவதும் பயமுறுத்த உன்னால்தான் முடியும்!

நீ வானிலை ஆபீசில் வேலை பார்த்துத்தானே ஓய்வு பெற்றாய்? "தவளை கத்தியது, அப்புறம் மழை பெய்தது, ஆகவே தவளைதான் மழையைக் கொண்டுவந்தது" என்று அங்கே எழுதிக் கொடுத்திருந்தால் உன் மேலதிகாரி உன்னை என்ன செய்திருப்பார்?

உதட்டுக் கொப்புளம் ஒரு கிருமியால் வருவது. அந்தக் கிருமி ஃப்ளூ ஊசிக்குள் கிடையாது. ஃப்ளூ கிருமி வேறு, இது வேறு. உனக்குப் போட்ட ஊசியில் ஃப்ளூ கிருமிகூட உயிரோடு இல்லை. இந்தக் கொப்புளக் கிருமி பாதி உலகத்துக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அப்புறம் நரம்புக்குள் போய்ப் படுத்துத் தூங்கும். வெயில், காய்ச்சல், தூக்கமில்லாமை, மனக் கலவரம், இப்படி ஏதாவது வந்து உலுக்கினால் எழுந்து உதட்டுக்கு வரும். நீ மொட்டை மாடியில் உச்சி வெயிலில் நின்று ஊதினாய். தூக்கம் வரவில்லை என்று நீயே எழுதினாய். இதையெல்லாம் விட்டுவிட்டு, பாவம், அந்த ஒரு சொட்டு மருந்தைப் பிடித்துக் கூண்டில் ஏற்றியிருக்கிறாய்.

இழுப்பு இருக்கிற மனுஷன் உன் உதட்டைப் பார்த்து ஊசி வேண்டாம் என்று போயிருக்கிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் டியூபாவை அல்ல, அவரையே நாலு பேர் தூக்க வேண்டியிருக்கும். அதை நினைத்தாயா?

நான் டிக்கெட்டை ரத்து செய்யவில்லை.

அக்கா

பின்குறிப்பு: கொப்புளம் காய்கிற வரைக்கும் ட்ரம்பெட்டை யாரிடமும் ஊதக் கொடுக்காதே. துண்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொள். குழந்தைகளை முத்தமிடாதே.

*

அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் சத்தம் அதிகம்.

நீ சொல்கிற கிருமிக்கதை சரியாக இருக்கலாம். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் தவளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தவளை கத்தியதால் மழை வரவில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், தவளை கத்தாத நாளில் மழை பெய்திருப்பதைக் காட்ட வேண்டும். நீ எனக்கு அதைக் காட்டவில்லை. எனக்கு இதற்கு முன் இப்படி வந்ததே இல்லை. ஊசி என் உடம்பை உலுக்கியிருக்காது என்று உன்னால் சத்தியம் செய்ய முடியுமா?

கொப்புளம் பொருக்குத் தட்டியிருக்கிறது. ட்ரம்பெட் பெட்டிக்குள் இருக்கிறது. பேக்கரிக்காரர் நேற்று ஒத்திகைக்கு வரவில்லை, லேசாக இருமல் என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நான் நம்பாத ஒன்றைப் பத்துப் பேர் நடுவில் எழுந்து நின்று எப்படிச் சொல்வேன்? நம்புகிற ஒன்றையே என்னால் சொல்ல முடியாதே.

தம்பி

*

அக்டோபர் 19

அன்புள்ள தம்பி,

சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவைக் கேட்டேன். ஊசியால் அந்தக் கிருமி உடம்புக்குள் வர வழியே இல்லை என்று அடித்துச் சொன்னார். ஊசிக்குப் பிறகு உடம்பு ஒருநாள் லேசாகச் சுடலாம், அப்படிச் சுடும்போது யாராவது ஒருவருக்குத் தூங்குகிற கிருமி எழலாமா என்று கேட்டேன். "அப்படி நடக்கவே நடக்காதுன்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். ஆனா ஊசிதான் காரணம்னு சொல்ற அளவுக்கு யாரும் ஆதாரம் காட்டல" என்றார். ஆகவே சத்தியம் செய்ய மாட்டேன். நர்ஸ் பொய்ச் சத்தியம் செய்யக் கூடாது.

ஆனால் நீ தவளை கத்தாத நாளைக் கேட்டாய். கேட்டது சரியான கேள்வி. ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் பரண்மேல் ஏறி, அம்மாவின் இரும்புப் பெட்டியை இறக்கி, ஆல்பத்தை எடுத்தேன். மூன்று போட்டோக்களை இதோடு வைத்திருக்கிறேன். முதலாவது, நீ காலேஜில் பட்டம் வாங்கிய நாள். அடுத்தது, உன் கல்யாணம். கடைசி, உன் மகள் பிறந்து நாங்கள் பார்க்க வந்த அன்று.

மூன்றிலும் உன் வலது கை எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று பார்.

அக்கா

*

அக்டோபர் 23

அக்கா! அக்கா!

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. என் கையெழுத்து ஓடுகிறது, பொறுத்துக்கொள்.

கைக்குட்டை! மூன்றிலும் கைக்குட்டை! பட்டமளிப்பில் ஏதோ தும்மல் வருவதுபோல வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். கல்யாணத்தில் மாலைக்கு மேலே வெள்ளையாக ஒரு கைக்குட்டை. குழந்தையைப் பார்க்க வந்தபோது தொட்டிலிலிருந்து தள்ளி நின்று, மறுபடி கைக்குட்டை. அன்றைக்கெல்லாம் என்ன சொன்னார்கள்? "சூட்டுக் கொப்புளம், உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி." ஒவ்வொரு தடவையும் ஒரு சூடு. ஒவ்வொரு தடவையும் வேறு காரணம். ஒருநாள்கூட இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு. தினமும் மேகத்தைப் பார்த்து எழுதினவன், என் முகத்தைப் பார்க்கவில்லை.

போட்டோவை உன் தம்பி மனைவியிடம் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கல்யாணத்தன்னிக்கு, இந்த மனுஷனுக்கு முன்பல்லு இல்ல போலருக்கு, மறைச்சுக் கட்டிவைக்குறாங்கன்னு நினைச்சு அழுதேன். அப்புறம் நாலு நாள் கழிச்சு நீங்க சிரிச்சப்பதான் நிம்மதியாச்சு. அண்ணிகிட்டகூட இதைச் சொன்னதில்ல" என்றாள்.

இன்னொன்று. உதடு குறுகுறுவென்று ஊறியது ஊசிக்கு முந்தின நாள். அதை ஆசை என்று நினைத்தேன். கொப்புளம் அப்போதே கிளம்பிவிட்டது, அக்கா. நான் கிளினிக் வாசலில் கால் வைப்பதற்கு முன்பே.

சரி, இதைத் தெரிந்துகொண்டால் போதாதே. சொல்ல வேண்டுமே. நேற்று ஒத்திகை. பேக்கரிக்காரர் வந்திருந்தார். வெறும் இருமல்தானாம், அடுப்புப் புகை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒத்திகை தொடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து நின்றேன். நின்ற பிறகு பேச்சு வரவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"சார் என்ன, தேசிய கீதமா?" என்றார் தீயணைப்பு வீரர்.

போட்டோக்களை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவை கைக்குக் கை மாறின. அதற்குள் எனக்குக் குரல் வந்துவிட்டது. "இந்த மூணு நாள்லயும் நான் எந்த ஊசியும் போட்டுக்கல. எனக்கு நல்லது நடந்தா உதட்டுல வரும். பயத்துல வரும். இந்தத் தடவை வெயிலும் சேர்ந்துக்கிச்சு. ஊசி மேல பழி போட்டது என் தப்பு" என்றேன்.

அப்புறம் தீயணைப்பு வீரர் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கும்தான் சார் வருஷா வருஷம் வெயில்ல வருது. நான் ஊசிக்குப் பயந்து இதுவரைக்கும் போட்டதே இல்ல" என்றார். பேக்கரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏய்யா, நெருப்புக்குள்ள போறவன், ஊசிக்கா பயப்படுற?"

"நெருப்பு கையில குத்தாதுண்ணே."

பேக்கரிக்காரர் என் பக்கம் திரும்பினார். "அப்ப எனக்குப் போட்டா உதட்டுல வராதுன்னு கியாரண்டி தருவீங்களா?"

"கியாரண்டி தர மாட்டேன். உங்களுக்கு உள்ளே ஏற்கெனவே அந்தக் கிருமி இருந்தா, என்னிக்காவது வரலாம். ஆனா அது ஊசி கொண்டுவந்ததா இருக்காது. வந்தா பத்து நாள்ல காஞ்சிடும். அந்தக் காய்ச்சல் உங்க நெஞ்சுல பிடிச்சா சும்மா போகாது" என்றேன். இதை நானா சொன்னேன்!

"எனக்கு ஏன் வரப்போகுது? பயந்தாத்தானே வரும். நான் பும் பும்னு ஊதிட்டுப் போறவன். வரச் சொல்லுங்கம்மா அந்த நர்ஸை" என்றார். கொட்டகையே அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து நிலையத்து மணி அடித்தது. டிரம் குச்சிகளை அப்படியே போட்டுவிட்டுத் தீயணைப்பு வீரர் ஓடினார். வண்டி கிளம்பிப் போன பிறகும் நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

மாஸ்டரம்மா செவ்வாய்க்கிழமைக்கு நர்ஸை வரச் சொல்லிவிட்டார். நான் கிளம்பும்போது தன் பையிலிருந்து என் தனி வாசிப்புத் தாளை எடுத்து நீட்டினார். வேறு யாரிடமும் அவர் அதைக் கொடுக்கவே இல்லை.

"உதடு காயட்டும்னு வச்சிருந்தேன் சார். தாளுக்குக் கொப்புளம் வராது" என்றார்.

பொருக்கு நேற்று உதிர்ந்துவிட்டது. இன்று ஊதினேன். வலிக்கவில்லை. நிழலில் நின்று ஊதினேன்.

டிக்கெட்டை ரத்து செய்யாததற்கு நன்றி, அக்கா. கடுமையாக எழுதியதற்கு மன்னித்துவிடு.

உன் ஆமை

*

அக்டோபர் 26

என் தங்கமே,

தாளை நீட்டிய அந்த அம்மாவுக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடு. வேண்டாம், உன் உதடு நம்பகமானதல்ல. கைகுலுக்கு.

இதோடு ஒரு சின்ன டியூப் களிம்பு வைத்திருக்கிறேன். டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. மறுபடி ஊறல் தொடங்கினால், கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் உடனே தடவு. வருகிறதை நிறுத்தாவிட்டாலும் சீக்கிரம் ஆறும்.

சனிக்கிழமை மாலை ரயிலில் வருகிறேன். அப்புறம், நீ ஒரு கடிதத்தில் என்னைச் சும்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. கவனித்திருப்பாய், நீ கவனிக்காதது எது? இன்றைக்குக் காலையில்தான் போட்டுக்கொண்டேன். ஊருக்கெல்லாம் கத்திக்கொண்டிருந்ததில் எனக்கு நேரமே கிடைக்கவில்லை. கை வலிக்கிறது. இந்தக் கோணல் எழுத்துக்கு அதுதான் காரணம். ஆதாரம் கேட்காதே.

அக்கா

*

அக்டோபர் 28

அன்புள்ள அக்கா,

இது உன் கைக்குக் கிடைப்பதற்குள் நீ கிளம்பிவிடலாம். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பேக்கரிக்காரர் ஊசி போட்டுக்கொண்டார். தீயணைப்பு வீரருக்கு அவர்தான் கையைப் பிடித்துக்கொண்டார். ஆள் கண்ணை மூடிக்கொண்டு, "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம், நர்ஸ் போன பிறகும்.

இன்று காலையிலிருந்து என் உதடு மறுபடி குறுகுறுக்கிறது. களிம்பு தடவிவிட்டேன். உன் தம்பி மனைவி துவைத்து மடித்த கைக்குட்டை ஒன்றை மேசைமேல் வைத்தாள். வைத்துவிட்டுச் சிரித்தாள். கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

வந்தால் வரட்டும், அக்கா. ஞாயிற்றுக்கிழமை எனக்கு நல்லது நடக்கப் போகிறது என்று அதற்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

உன் தம்பி

*

நவம்பர் 2

டேய் தம்பி,

நல்லபடி வந்து சேர்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்ல எனக்கு யாராவது வேண்டுமே.

உன் வீட்டில் இருந்தபோது ஒன்று சொல்லவில்லை. நேரில் சொல்லியிருந்தால் நீ தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டிருப்பாய். நீ மேடையின் முன்னால் வந்து நின்று, பேண்ட் முழுவதும் அடங்கியதும், நான் காதுக் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். நாற்காலிகள் நகர்வது, குழந்தைகள் கத்துவது, எனக்குப் பின்னாலிருந்தவர் முறுக்கைப் போல எதையோ கடித்தது, எல்லாம் அணைந்துவிட்டன. உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் உன் சத்தம் வந்தது. முதலில் நெஞ்செலும்பில் தெரிந்தது, பிறகு காதில். கடைசிவரை அது ஒன்றுதான் எனக்கு இருந்தது. என் பக்கத்திலிருந்த உன் மனைவி என்னைத் தொட்டு, "அண்ணி, முடிஞ்சிடுச்சு, கைதட்டுங்க" என்று சொல்லும்வரை கருவியை மாட்டவில்லை. எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். நானும் எழுந்தேன். முழங்கால் வலியே ஞாபகம் இல்லை.

இதோடு ஒரு போட்டோ. நான் எடுத்தது, கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பேக்கரிக்காரரின் பாதி முகமும், டியூபாவின் வாயும் மூலையில் தெரிகின்றன. நடுவில் நீ. நீ வாசித்து முடித்து, எல்லாரும் எழுந்து கைதட்டிக்கொண்டிருந்த நொடி. மேலுதட்டில் சிவப்பாகச் சின்னதாக ஒரு புள்ளி, கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தால் தெரியும். நீ பல் தெரியச் சிரிக்கிறாய். இரண்டு கையாலும் ட்ரம்பெட்டைப் பிடித்திருக்கிறாய்.

இதை அந்த மூன்றுக்கும் பக்கத்தில் ஒட்டி வை.

அக்கா